படத்தில் தெரியும் மதில் என்னுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கார்த்திகைக் கடைசியில் உங்கள் பத்திரிகையில் எங்கள் பக்கத்து வெள்ளப் படம் ஒன்று வந்தது. முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு பொடியன் நாய்க்குட்டியைத் தோளில் போட்டிருக்கிறான். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை அடித்த ஆறடி மதில் ஒன்று படத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போகிறது. தூணுக்குத் தூண் தாமரை மொட்டு வைத்த மதில். கீழே ‘இயற்கையின் சீற்றம்’ என்று போட்டிருந்தீர்கள்.

அந்த மதில் என்னுடையது. தாமரை மொட்டும் நான் சொல்லி வைத்ததுதான். அந்தப் பெண் எங்கள் பக்கத்து வளவுக்காரி. அவர் அந்த இடத்தில் அந்த அளவு தண்ணீரில் நிற்க வேண்டி வந்ததற்கு இயற்கை பாதிப் பொறுப்பு எடுக்கட்டும். மற்றப் பாதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், மதில் வருகிற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் பிறந்தது கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில். 1986இல் நோர்வேக்குப் போனேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் போன வழியிலேயே, ‘மக்கள் உயர்பள்ளி’ என்று அங்கே சொல்லும் ஒரு வருடப் படிப்புக்கு மாணவனாகப் போய், பிறகு வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, கடைசியில் பேர்கன் நகரத்தில் பஸ் சாரதியாக ஓய்வு பெற்றவன். நோர்வே 2020 தை மாதம் வரை இரட்டைக் குடியுரிமைக்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்த அன்றே இந்த நாட்டுக் குடியுரிமை போய்விட்டது. பிறகு சட்டம் மாறியது, நான் விண்ணப்பம் போடவில்லை. காரணம் கொள்கை எதுவும் இல்லை, சோம்பல்தான். ஆகவே நான் பிறந்து தவழ்ந்த வளவில் இப்போது முப்பது நாள் விசாவில், அதை நீட்டி நீட்டி இருக்கும் வெளிநாட்டவன் நான். காணி தங்கச்சி பெயரில் இருக்கிறது. வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. மதில் கட்டிக்கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

போர் முடிந்த பிறகு ஆறு தடவை வந்திருக்கிறேன். ஆறும் ஆடி, ஆவணி. அப்போதுதான் அங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை, இங்கே நல்லூர்த் திருவிழா. வன்னியில் அது சோளகக் காற்று அடிக்கிற காலம். வயல் வெடித்துக் கிடக்கும், கிரவல் வீதியில் ஒரு டிப்பர் போனால் ஐந்து நிமிடத்துக்கு முன் வீடு தெரியாது, கிணற்றில் வாளி அடித்தரையில் தட்டும். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே ஊருக்கு வருவேன். நான்கு கிழமை புழுதி குடித்துவிட்டுத் திரும்பிப் போவேன். இதுதான் இத்தனை வருடமாக என் மனதில் இருந்த வன்னி.

இந்த முறை ஓய்வூதியக்காரன், நேரம் இருக்கிறது, மாரியும் பார்ப்போம் என்று ஐப்பசி தொடக்கத்தில் வந்து இறங்கினேன். வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் ஊரில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: ‘எப்போது வந்தீர்கள்?’, ‘எப்போது போகிறீர்கள்?’ இந்த முறை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வந்தது: ‘மாரிக்குள் ஏன் வந்தீர்கள்?’ பரந்தன் சந்தியில் ஓட்டோக்காரர் கேட்டார், கடைக்காரர் கேட்டார், கோவில் ஐயரும் கேட்டார். வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்றுதான் நினைத்தார்களாம்.

எனக்கோ உள்ளூரக் கொஞ்சம் இறுமாப்பு. ஐரோப்பாவில் மழைக்குப் பேர்போன நகரங்களில் பேர்கன் ஒன்று. வருடத்தில் இருநூறு நாளுக்கு மேல் அங்கே மழை. 2006 ஐப்பசிக் கடைசியில் தொடங்கி 2007 தை வரை 85 நாள் ஒரு நாளும் விடாமல் பெய்தது. அத்தனை நாளும் நான் பஸ் ஓட்டினேன். வன்னியில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழை அங்கே பெய்வதில் ஏறக்குறையப் பாதிதான். எனக்கு மழையைச் சொல்லித்தர இங்கே யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம். ‘கெட்ட வானிலை என்று ஒன்றில்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு’ என்று நோர்வேக்காரர் சொல்வார்கள். நானும் நல்ல உடுப்போடு வந்திருந்தேன்: தலை முதல் தொடை வரை மூடும் மழைச்சட்டை, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து.

முதல் அடைமழை அன்று இரண்டையும் போட்டுக்கொண்டு சந்திக்குப் புறப்பட்டேன். பத்து நிமிடத்தில் சட்டைக்குள் வியர்வையில் அவிந்து, வெளியே நின்று நனைந்தவர்களைவிட அதிகமாக நனைந்திருந்தேன். எங்கள் பக்கம் களிமண். காய்ந்தால் கல், நனைந்தால் பசை. ஒழுங்கைத் திருப்பத்தில் இடது கால் புதைந்தது. இழுத்தேன். கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. ஒற்றைக் காலில் நின்று மறு காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வயலுக்குப் போகிற ஒருவர் வெறுங்காலோடு கடந்து போனார். யூரியாப் பையின் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் தள்ளி, கூம்பு போலாக்கித் தலையில் கவிழ்த்திருந்தார். முதுகு வரைக்கும் மூடியிருந்தது, காற்றும் உள்ளே போய் வந்தது. விலை பூச்சியம். சப்பாத்தைப் பிடுங்கித் தந்தது பக்கத்து வளவுப் பொடியன், உங்கள் படத்தில் நாய்க்குட்டியோடு நிற்பவன். அன்று பின்னேரமே செருப்புக்கு மாறினேன், மறு கிழமை செருப்பும் இல்லை.

பேர்கன் மழை ஒரு குமாஸ்தாவைப் போன்றது. காலையில் வந்து மாலை வரை தன் மேசையில் இருந்து சொட்டுச் சொட்டாக வேலை செய்யும். வன்னி மழை அந்த வருடத்துக் கணக்கை இரண்டரை மாதத்தில் தீர்த்துவிட்டுப் போக வந்தது. ஒரே இரவில் நூறு மில்லிமீற்றர் என்பது இங்கே புதினமே இல்லை. பேர்கனில் மலை இருக்கிறது, விழுந்த தண்ணீர் நேரே கடலுக்கு ஓடிவிடும். இங்கே தட்டை நிலம். விழுந்த தண்ணீர் எந்தப் பக்கம் போகலாம் என்று நின்று யோசிக்கும். அது யோசித்து முடிக்கும் வரை நாம் கட்டிலில் இருக்க வேண்டும்.

குறை சொல்லவில்லை, அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. முதல் மழையோடு ஈசல் கிளம்பியபோது தங்கச்சி வீட்டு விளக்கையெல்லாம் அணைத்து, முற்றத்தில் ஒரு விளக்கைக் கொளுத்தி, அதன் கீழே பேசினில் தண்ணீர் வைத்தாள். அம்மா செய்தது போலவே. தங்கச்சியின் பேத்தி உள்ளங்கையில் தம்பளப்பூச்சி ஒன்றைக் கொண்டுவந்து, ‘தாத்தா, உங்கள் நாட்டில் இது இருக்கிறதா?’ என்று கேட்டாள். உங்கள் நாடு! இல்லை என்றேன். பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாள். உடுப்புகள் நான்கு நாள் கொடியில் கிடந்து காயாமல், வீட்டுக்குள் வந்து புளித்த மணம் வீசின. என் தோல் இடைவாரில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. கடவுச்சீட்டின் பக்கங்கள் அப்பளம் போல் நெளியத் தொடங்கியதைக் கண்ட தங்கச்சி, ஒன்றும் கேட்காமல் அதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். விசா நீட்டுகிற அலுவலுக்கு அதை வெளியே எடுத்து விரித்தபோது நான்கு அரிசி மேசையில் விழுந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அரிசியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளின் மாரி அவருக்கும் தெரிந்திருக்கும்.

இனி அந்த இரவு.

மூன்று நாள் விடாத மழை. பின்னேரம் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்ற தகவல் தொலைபேசிக்குத் தொலைபேசி ஓடியது. ஒலிபெருக்கியிலும் சொல்லிக்கொண்டு போனார்கள். இரணைமடு நிரம்பினால் கனகராயன் ஆறு பெருகும், ஆறு பெருகினால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கத்துச் சனத்துக்கு நித்திரை இல்லை. 2018 மார்கழியில் அப்படித்தான் வந்தது. அந்த வெள்ளம் தங்கச்சி வீட்டில் முழங்கால் வரை நின்றது, குளிர்சாதனப் பெட்டி குப்புற மிதந்தது. அந்தப் படங்களைத்தான் பேர்கனில் இருந்துகொண்டு பார்த்தேன்.

விடியப்புறம் இரண்டு மணியளவில் தங்கச்சி என்னை எழுப்பினாள்.

“அண்ணை, தண்ணீர் வருகிறது.”

“எங்கே?”

“எங்களுக்கு இல்லை. அங்கே.”

கை மதிலைக் காட்டியது.

மின்சாரம் இல்லை. மழை சற்று ஓய்ந்திருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. சட்டி பானைகள் மெதுவாக ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம், யாரோ அவசரமில்லாமல் சமைப்பது போல. பிளாஸ்டிக் கதிரையில் ஏறி நின்று ரோச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் மதிலோடு ஒட்டி, அசையாமல், கரை கட்டிய குளம் போல் நின்றது. அதன் மேலே சட்டிகள், ஒரு தும்புத்தடி, ஒரு பந்து. நான் நின்ற பக்கம் முற்றத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. ஆறங்குலத் தடிப்புள்ள ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நனைந்த கிரவல், அந்தப் பக்கம் குளம்.

அந்த வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய ஐந்நூற்று ஐம்பது சதுர அடி வீடு. தாயும் மகனும் மட்டும். நாங்கள் கேற்றைத் திறந்துகொண்டு சுற்றிப் போனபோது, அவர் மண்ணெண்ணெய் அடுப்பையும் விதைநெல் மூட்டையையும் கட்டிலில் ஏற்றியிருந்தார். பொடியன் மேசைக்கு மேல் பள்ளிக்கூடப் பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தான். எங்கள் விறாந்தைக்குக் கூட்டி வந்தோம். தங்கச்சி தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னார்: “உங்களுக்கு வீண் கரைச்சல் அண்ணை.”

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அப்போதுகூட எனக்கு விளங்கவில்லை. ‘பரவாயில்லை, அயலுக்கு அயல்தானே உதவி’ என்று பெரிய மனிதனாகச் சொன்னேன். விடிந்த பிறகு அரிசிப் பையை எடுக்க அவர் திரும்பிப் போனபோதுதான் உங்கள் படக்காரர் ஒழுங்கைக்குள் வந்தார்.

எனக்கு விளங்கவைத்தவர் ஒரு பெரியவர். எண்பது தாண்டியவர், அப்பாவோடு வயல் செய்தவர். காலையில் வெள்ளம் பார்க்க வந்து, மதிலின் வடக்கு மூலையில் நின்று ஊன்றுகோலால் தட்டினார். “தம்பி, இதிலே ஒரு பள்ளம் இருந்ததே. நீ கரப்புக் குத்திய இடம்.”

இருந்தது. ஒழுங்கைத் தண்ணீர் பக்கத்து வளவுக்குள் இறங்கி, அங்கிருந்து எங்கள் வளவின் வடக்கு மூலைப் பள்ளத்தால் ஓடி, பின்னுள்ள கழிவு வாய்க்காலில் விழும். வேலி கிளுவையும் பூவரசும். தண்ணீருக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. கார்த்திகையில் அந்தக் கதியால்களில் கார்த்திகைப்பூக் கொடி ஏறிச் சிவந்து கிடக்கும். பத்து வயதில் அந்தப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கரப்பால் விரால் பிடித்திருக்கிறேன், ஒருமுறை தண்ணீர்ப் பாம்பையும் பிடித்துவிட்டு ஓடியிருக்கிறேன். அதே பள்ளத்தை நாற்பது டிப்பர் கிரவல் போட்டு மூடியவனும் நான்தான்.

நடந்தது இதுதான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு தங்கச்சி அழுதாள். நான் காசு அனுப்பினேன். முதலில் வளவை இரண்டு அடி உயர்த்தினோம், பிறகு சுற்றிவர மதில். எல்லாம் வட்ஸ்அப்பில் நடந்தது. மேசன் ஒரு கேள்வி கேட்டாராம், தங்கச்சி அழைத்துச் சொன்னாள்: அடியில் தண்ணீர் போக வழி விடுவதா, வேண்டாமா? நான் பஸ் தரிப்பிடத்தில் நின்றிருந்தேன். அடுத்த பயணத்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. “ஓட்டை விட்டால் பாம்பு வரும், அடைக்கச் சொல்” என்றேன். அவ்வளவுதான் நான் யோசித்தது. மறு ஆவணியில் வந்து பார்த்தபோது மதில் வெள்ளையாக, நேராக, மெத்த அழகாக நின்றது. படம் எடுத்துப் பேர்கன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

2020இல் புரெவிப் புயல் வந்தபோதும் அந்த வீட்டுக்குள் தண்ணீர் போனதாம். அதற்குப் பிறகும் போயிருக்கிறது. இத்தனை மாரியும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தங்கச்சியிடம் ஏன் என்று கேட்டேன். “காசு அனுப்பியவரிடம் என்னவென்று சொல்வது?” என்றாள். பக்கத்து வளவுக்காரி ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? பொடியனின் ரியூசன் காசு இரண்டு வருடமாக நான்தான் கொடுக்கிறேன். மழைக்கு நிறமிழந்த என் உதவி மனப்பான்மையை அந்த விறாந்தையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவருடைய வாயை நான் காசு கொடுத்து அடைத்திருக்கிறேன், அதுவும் நல்லவன் என்ற பெயரோடு.

இன்னொரு ஞாபகமும் வந்தது, அது அதைவிடக் குத்தியது. பேர்கனில் என் வீட்டைப் பின்பக்கம் கொஞ்சம் நீட்டிக் கட்ட விரும்பினேன். நோர்வேயில் அப்படிக் கட்டுவதற்கு முன் அயலவர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறுப்பு இருந்தால் சொல்ல அவர்களுக்கு இரண்டு கிழமை தவணை. நான்கு வீட்டுக்கு அறிவித்தேன். மூன்று வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. கீழ்ப்பக்கத்து வீட்டுக் கிழவி மட்டும் ஒரு வரி எழுதியிருந்தாள்: உன் புதிய கூரைத் தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கிழவிக்கு வேறு வேலையில்லையா என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் கிடங்கு வெட்டி, கல் நிரப்பி, குழாய் போட்டு, தண்ணீர் அவள் பக்கம் போகாதபடி செய்தேன். செய்யாவிட்டால் கட்ட முடியாது. ஊர் பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்கு நான் கொடுத்த அந்த மரியாதையை, 2008 கார்த்திகையில் நிஷாப் புயலில் என் தங்கச்சியோடு ஒரே தறப்பாளின் கீழ் மூன்று இரவு குந்தியிருந்த இந்தப் பெண்ணுக்கு நான் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் மேசன் வந்தார், மதிலைக் கட்டிய அதே மேசன். மழை விட்டிருந்தது, அந்தப் பக்கம் தண்ணீர் இன்னும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. முதலில் நான்கு பேர் மண்வெட்டியோடு எங்கள் வளவின் வடக்கு மூலையில் இறுகிப்போன கிரவலை வெட்டி வாய்க்கால் எடுத்தார்கள்; எழுபது அடி நீளம், பின்மதில் வரை. பின்மதிலில் ஒரு துவாரம். பிறகு மேசன் பக்கத்து மதிலின் அடியில் குந்தி, உளியை ஒரு சீமெந்துக் கல்லின் விளிம்பில் வைத்தார். நான்கு அடி அடித்திருப்பார். கல்லில் ஒரு மயிரிழை வெடிப்பு ஓடியது, அதில் வியர்வை போல் தண்ணீர் கசிந்தது. இன்னொரு அடி. கல் தானாகவே எங்கள் பக்கம் கழன்று விழுந்தது, அதன் பின்னால் தொடைப் பருமனில் மண்ணிறத் தண்ணீர் பாய்ந்து மேசனின் உளியையும் இழுத்துக்கொண்டு போனது. ஒரு சிறு செருப்பு வந்தது, சிரட்டைகள் வந்தன, ஒரு தவளை வந்து கரையேறி இருந்து எங்களைப் பார்த்தது. தண்ணீர் கொஞ்சமும் தடுமாறவில்லை. வாய்க்காலில் வளைந்து, பின்மதிலைத் தாண்டி, கழிவு வாய்க்காலுக்குள் போனது. என்னைவிட அதற்கு ஞாபகசக்தி அதிகம். பின்னேரம் பார்க்கும்போது அந்த வீட்டுச் சுவரில் ஈரக்கோடு ஒரு சாண் இறங்கியிருந்தது. மேசன் கை கழுவிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார்: “பாம்பு வராமல் கம்பி வலை போடவா ஐயா?”

பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போட்டோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து, எலிக்காய்ச்சல் வராமல் வயல்காரருக்குக் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கும் மாத்திரையை, வெள்ளத்தில் காலில் காயத்தோடு இறங்கி நின்ற எனக்கும் தந்தார். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டாலே போதுமாம். ‘வெளிநாட்டுக்காரர் கவனமாக இருக்க வேண்டும்’ என்றார். உள்ளூர்க்காரரும்தான் என்று சொல்ல நினைத்தேன், மாத்திரையை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஆசிரியர் அவர்களே, எங்கள் ஒழுங்கையில் பதினொரு வளவுகள். ஐந்துக்கு மதில். கனடாக் காசு இரண்டு, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே ஒவ்வொன்று. ஐந்தும் கோடையில் திட்டம் போட்டுக் கோடையில் கட்டியவை. ஒன்றிலும் அடியில் துவாரம் இல்லை. ஐந்து வளவும் கிரவல் போட்டு உயர்த்தியவை. இதற்கு மேல், ஒழுங்கைக்குப் போட்ட கொங்கிறீற்றும் வளவுகளைவிட ஒரு சாண் உயரம், கரையில் வாய்க்கால் கிடையாது. மதில் கட்ட வசதியில்லாத ஆறு வீடும் நடுவில் கிண்ணம் போல் கிடக்கின்றன. எங்கள் ஒழுங்கை ஒன்றுதான் இப்படியா என்று சைக்கிளில் சுற்றிப் பார்த்தேன். இல்லை என்பதற்கு மேல் எழுத விரும்பவில்லை, அந்தந்த வீட்டுக்காரர் பத்திரிகை படிப்பவர்கள்.

குளம் நிரம்பினால் கதவு திறந்துதான் ஆக வேண்டும், அதற்கு எவரையும் ஏசிப் பயனில்லை. 2018ஐப் போல ஆறு உடைத்துக்கொண்டு வந்தால் என் துவாரமும் ஒன்றும் செய்யாது, மதிலும் ஒன்றும் செய்யாது. நான் சொல்வது வருடா வருடம் வருகிற சாதாரண வெள்ளத்தைப் பற்றி. இரண்டு நாளில் வடிந்து போக வேண்டியது பத்து நாள் நிற்கிறதே, அதைப் பற்றி.

பிரதேச சபையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மதிலுக்கோ நிலம் உயர்த்தவோ யாராவது வந்தால், அந்தக் கிழவி என்னைக் கேட்டதை அவர்களிடமும் கேளுங்கள். பக்கத்து வளவுக்காரரின் கையெழுத்தை, மதில் கட்டுகிறவர் கூட இல்லாத நேரத்தில், அந்த அயலவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். காசு கொடுக்கிறவர் முன்னால் வைத்துக் கேட்டால் எல்லோரும் ‘ஓம்’ என்றுதான் சொல்வார்கள், எனக்குத் தெரியும். பழைய தண்ணீர் வழிகளை அறிந்த கமக்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களை ஒரு மாரி நாளில் கூட்டிக்கொண்டு நடந்தால் கிராம அலுவலர் அரை நாளில் வரைபடத்தில் குறித்துவிடலாம். எண்பது வயதுக்காரரை நம்பி இன்னும் அதிக வருடம் பிந்த முடியாது.

கனடாவிலும் சுவிஸிலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: நல்லூருக்கு வாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மதிலுக்குக் காசு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கார்த்திகையிலும் வாருங்கள். பயணச்சீட்டு மலிவு, ஓட்டோக்காரர் உங்களைப் பைத்தியம் என்று நினைப்பார், மற்றபடி ஒரு குறையும் இல்லை. மழைச்சட்டையும் சப்பாத்தும் கொண்டுவராதீர்கள். சந்தியில் உரக்கடையில் வெறும் பை கேட்டால் தருவார்கள்.

என் விசா தை நடுப்பகுதி வரை இருக்கிறது. இப்போது பக்கத்து மதிலில் மூன்று துவாரம், பின்மதிலில் இரண்டு. கம்பி வலை போடவில்லை. இதுவரை பாம்பு எதுவும் வரவில்லை. பக்கத்து வளவுக் கோழிகள்தான் தினமும் விடிய அந்த வழியால் வந்து தங்கச்சியின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போகின்றன. அவற்றை ஏச முடியாமல் அவள் என்னை ஏசுகிறாள். பக்கத்து வளவுக்காரியோ போன கிழமை முதல் தடவையாக மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, துவாரங்கள் இன்னும் ஒரு கல் தாழ்வாக இருந்திருக்க வேண்டும் என்று என்னிடம் குறை சொன்னார். செவ்வாய்க்கிழமை மேசனை வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மதில்காரன்,
முரசுமோட்டை.